இரைச்சல் போர்வை

மின்விசிறியை நிறுத்த வேண்டாம், இன்ஸ்பெக்டர். கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கட்டும். இரைச்சல் எனக்குத் தொந்தரவில்லை. அதில்தான் டாக்டர் பட்டம் வாங்கினேன்.

பெயர் நேசக்குமார். ஊர் நாசரேத். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர். கித்தேரியானும் அவன் மச்சினனும் மூழ்கிய காலையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். முதலில் கருவியைப் புரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீங்களும் உணர்ச்சிவசப்படுவீர்கள்.

வயர்லெஸ் பேச்சுக்குக் கதவு கிடையாது. காற்றில் விட்டால் யாரும் பிடிக்கலாம். சங்கேதத்தில் பேசினால் இன்றில்லாவிட்டால் நாளை ஒருவன் உடைப்பான். என் வழி வேறு. கரையிலிருக்கும் கோபுரம் அதே அலைவரிசையில் இரைச்சலைப் பரப்பும். ஒட்டுக்கேட்கிறவனுக்கு வெறும் ‘உஸ்’. அந்த இரைச்சலின் ஜாதகம் தெரிந்த என் பெட்டி மட்டும் அதைக் கழித்துவிட்டுப் பேச்சைத் தனியே எடுத்துவிடும்.

படகு முதலாளி வேதமணி அண்ணாச்சிதான் கேட்டு வந்தார். “நம்ம போட்டு மீனக் கண்டுட்டுன்னு ஒரு வார்த்த வாயத் தொறந்தா, ஊர்ப்பட்ட போட்டும் வந்து நிக்குதுலா, சாரே. இத அடைக்க வழி இருக்கா?”

இருக்கிறது என்றேன். அரசாங்க அனுமதி வாங்கவில்லைதான். ரகசியத்துக்கு யாராவது அனுமதி கேட்பார்களா?

எதிர்ப்பு வந்தது திரேஸ்புரம் பிலோமினாவிடமிருந்து. மீன் விற்பவள், கித்தேரியானின் மனைவி. ஏலக்கூடத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாள்: “ஏன் சாரே, கடல்ல ஒருத்தன் பேசுனா நாலு பேரு கேக்கத்தான செய்வான்? ஒங்க பாடத்த ஒருத்தனும் கேக்க மாட்டேங்கான்னு எங்களையும் அப்பிடி ஆக்கப் பாக்கியளோ?”

கூடைக்காரிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

இந்தக் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஆபத்துக்கென்று தனிச் சேனல் இருக்கிறது. அங்கே எவனும் கூப்பிட மாட்டான். மீன் பேச்சும் மாமியார் வம்பும் ஓடுகிற சேனலில்தான் கத்துவான். ஊரே அங்கே காதைத் தீட்டிக்கொண்டிருக்கும், எவனாவது வந்துவிடுவான் என்கிற தைரியம். விதிகளை மதிக்காத இந்தப் போக்கை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் மூடியது அந்தச் சேனலைத்தான்.

செயல்விளக்க விழாவுக்குப் பந்தல், நாதஸ்வரம், எல்லாம் இருந்தன. ஓய்வுபெற்ற துணைவேந்தர் ஒருவர் தலைமை. முன்வரிசையில் எங்கள் துறையின் கிருபாநிதி, சாதாரண வாக்கிடாக்கியைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ஒரு வார்த்தை என் காதில் விழுந்தால் போதும், டாக்டர். மேடையேறிச் சொல்லிவிடுவேன்” என்று காலையிலேயே சிரித்துக்கொண்டே எச்சரித்திருந்தார்.

முயல்தீவுக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி அனுப்பிய கித்தேரியானின் படகு. இந்தப் பக்கம் ராயப்பனின் படகு. ஒருவர் பேச மற்றவருக்குக் கேட்கக்கூடாது. மேடையில் எனக்கு மட்டும் கேட்க வேண்டும். ஹெட்போன் என் காதில். கோபுரத்தின் சுவிட்ச் என் கட்டைவிரலுக்கு அடியில்.

துணைவேந்தர் அலைக்கும் ஆன்மாவுக்கும் உள்ள தொடர்பை விளக்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கித்தேரியான், “ஏலே ராயப்பா, பலக பேந்துட்டுலே. தண்ணி உள்ள வருது. சீக்கிரம் வாலே” என்றான்.

ராயப்பனுக்கு ‘உஸ்’. கிருபாநிதிக்கும் ‘உஸ்’. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன்.

சுவிட்சைத் தட்டியிருக்கலாமே என்கிறீர்கள். தட்டினால் ராயப்பனுக்கு மட்டுமா கேட்கும்? முன்வரிசைக்கும் கேட்கும். நியாயமாக யோசியுங்கள். அது ராயப்பனுக்குச் சொன்ன பேச்சு. அடுத்தவர் பேச்சில் தலையிடுவதை எதிர்த்துத்தான் என் ஆராய்ச்சியே நடந்தது.

“மச்சான், தண்ணிய எறைலே” என்று பின்னால் யாரிடமோ சொன்னான். பிறகு ஊரிலிருக்கிற படகோட்டிகளின் பெயரையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டான். “எல்லாம் எங்க போய்த் தொலஞ்சீய? ஒருத்தன் காதுலயுமா விழல?”

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன். சுவிட்சிலிருந்து கட்டைவிரலை எடுக்கவில்லை.

என் வக்கீல் ஆவுடையப்பன் வெளியே நிற்கிறார். நல்ல மனிதர். “பெட்டி பழுது, எதுவுமே கேட்கலைன்னு ஒரு வரி சொல்லிருங்க, சார். சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாம்” என்கிறார். கிருபாநிதியும் பத்திரிகைக்காரர்களிடம் அதையேதான் சொல்லித் திரிகிறாராம். பிலோமினாகூட அப்படித்தான் நம்புகிறாளாம். அதனால்தான் என் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றாமல் இருக்கிறாள்.

நான் சம்மதிக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் அவன் ராயப்பனை விட்டுவிட்டான். என்னைக் கூப்பிட்டான். “சாரே, ஒங்களுக்காவது கேக்குதா?”

கேட்டது, இன்ஸ்பெக்டர். அதற்குப் பிறகு வந்த தண்ணீர்ச் சத்தம்வரை, ஓர் எழுத்துகூடச் சிதையாமல் கேட்டது. பழுது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.