அடிக்காத ராட்சசன்

தொண்ணூறுகளில் ஒரு காலை, தாம்பரத்திலிருந்து கிளம்பிய மின்சார ரயிலின் பெண்கள் பெட்டி. எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் திடீரென்று மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, உங்க ராட்சசன்தான் நேத்து என் வூட்டைக் காப்பாத்தினான்.”

“இன்னாடி சொல்ற?”

“எம்புள்ள சின்னதா இருந்தப்போ, கரண்ட் போனா தெருப் பசங்களுக்குக் கதை சொல்வீங்களே. அதுல கத்தி எடுத்துக்கினு வந்தவனை ராட்சசன் அடிக்கவே மாட்டான். கோவம் அடங்கற வரிக்கும் அவன் கையைப் புடிச்சிக்கினே இருப்பான்.”

“ஆமா.”

“நேத்து வூட்டுக்காரரு குடிச்சிட்டு என்னை அடிக்கக் கை ஓங்கினாரு. இப்போ புள்ள அவரைவிட ஆளு பெருசு. திருப்பி அடிச்சிடுவானோன்னு நடுங்கிட்டேன். அவன் அடிக்கலக்கா. ரெண்டு கையையும் புடிச்சிக்கினு, ‘உக்காருப்பா, உக்காருப்பா’ன்னு சொல்லிக்கினே இருந்தான்.”

“அவரு?”

“திமிறினாரு, கத்தினாரு. அப்புறம் அவன் தோள்லயே சாஞ்சி அழுதுட்டாரு. காலைல என் மூஞ்சியப் பாக்க முடியாம, அவரே ஸ்டவ்வைப் பத்தவெச்சு டீ போட்டாரு.”

மூத்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கதையை எல்லாப் பசங்களுந்தாண்டி கேட்டாங்க. உம்புள்ள நல்லவன், அவ்ளோதான்.”

“இருக்கட்டும்க்கா. இன்னிக்கு யாருக்காச்சும் தேங்க்ஸ் சொல்லணும்போல கீது எனக்கு.”