கரி அள்ளிய நிதியமைச்சர்

தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்கார் பார்க்டேல் பகுதியைத் தாண்டும்போது, எனக்கு முன்னால் இருந்த இளைஞர் பேப்பரை மடித்தபடி பக்கத்தில் இருந்த பெரியவரிடம் சொன்னார்: "அண்ணை, பொய்லருக்குக் கரி அள்ளினவர் இப்ப நிதியமைச்சராம்."

பெரியவரின் மடியில் ஏதோ தொழிற்சாலையின் வேலை விண்ணப்பம்.

"ஆர்?"

"கிழக்கு ஐரோப்பாவிலை ஒரு பொருளாதாரப் பேராசிரியர். அரசாங்கத்தோடை ஒத்துவரேல்லையெண்டு கரி அள்ள அனுப்பிப்போட்டாங்கள். ஆட்சி மாறினவுடனை கூப்பிட்டு மந்திரியாக்கியிருக்கிறாங்கள்."

"எத்தினை வருசம் அள்ளினவர்?"

"இருபது."

"நான் இந்த நாட்டுக்கு வந்து கோப்பை கழுவத் தொடங்கி நாலு."

"நீங்களும் ஊரிலை கம்பஸிலை பொருளியல் படிப்பிச்சனீங்கள்தானே?"

"ஆருக்கும் சொல்லிப்போடாதையும். இந்த விண்ணப்பத்திலை பத்தாம் வகுப்பெண்டுதான் எழுதியிருக்கிறன். பட்டதாரியெண்டால் ஃபக்டரிக்கு எடுக்கமாட்டாங்கள்."

"எல்லாரும் அப்பிடித்தானே எழுதிறம்."

இரண்டு தரிப்பிடங்கள் போயின. பெரியவர் பேப்பரை வாங்கிப் படத்தைப் பார்த்தார்.

"உவரும் படிச்சதை மறைச்சுத்தான் வேலைக்குப் போனவரோ?"

"என்னத்துக்கு? பேராசிரியரெண்டு தெரிஞ்சுதானே அங்கை அனுப்பினவங்கள்."

"அப்ப குடுத்துவைச்ச மனிசன்," என்றார் பெரியவர். "ஆரெண்டு தெரிஞ்சுகொண்டெல்லே கரி அள்ள விட்டிருக்கிறாங்கள்."