தண்ணிக்கு என்ன நிறம்?

ஆழ்வாப்பிள்ளை: …வெள்ளையைத் தடிப்பா அடியும் எண்டெல்லோ சொன்னனான், பிள்ளை! முயலின்ரை விலா எலும்பு தெரியுது.

சிசிலியா: எக்ஸ்ரே தாளிலை வெட்டின முயலுக்கு வேறை என்ன தெரியும், மாஸ்டர்?

ஆழ்வாப்பிள்ளை: கழுவேல்லையோ?

சிசிலியா: சோடாவிலை அவிச்சுக் கழுவினனான். நரி, ஆடு எல்லாம் கண்ணாடி மாதிரி வந்திட்டுது. இது மட்டும்… போகுதில்லை.

ஆழ்வாப்பிள்ளை: மெட்ராஸிலை காட்டூன் ஸ்டூடியோவிலை ஒரு முயலுக்கு மூண்டு விதமான வெள்ளை. வயித்துக்கு ஒண்டு, முதுகுக்கு ஒண்டு…

சிசிலியா: நீங்கள் அந்த ஸ்டூடியோவின்ரை வாசல் கேற்றை மட்டும்தான் பாத்தனீங்கள் எண்டு உங்கடை மனிசி சொன்னவ.

ஆழ்வாப்பிள்ளை: கேற்றிலை நிண்டும் கலையைப் பாக்கலாம்!

சிசிலியா: இஞ்சை ஒரு வெள்ளைதான். சுண்ணாம்பு. நரிக்கு மஞ்சளும் செங்கட்டித் தூளும். ஆட்டுக்குக் கரி. இஞ்சை பெயின்ற் வரத் தடை போட்ட அரசாங்கத்துக்கு, முயல் எங்கடை பக்கம் எண்டு தெரிஞ்சிருக்கு.

ஆழ்வாப்பிள்ளை: பகிடி விடாதையும். சனிக்கிழமை இந்தக் காட்டூனைப் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குக் காட்டவேணும். முயலை ஒருக்கா நகர்த்தக் கமராவிலை ஒரு படம், பேந்து நகர்த்த இன்னொரு படம்… எவ்வளவு வேலை! விளக்கைக் கண்ணாடிக்குக் கீழை வையும்.

சிசிலியா: யன்னலைச் சாத்துங்கோ… ம். இப்ப பாருங்கோ.

ஆழ்வாப்பிள்ளை: …அது மூச்சு விடுது.

சிசிலியா: ஜாம்போத்தல் விளக்கு, மாஸ்டர். திரி ஆடுது.

ஆழ்வாப்பிள்ளை: காத்தே இல்லை… அந்தக் காறை எலும்பு ஏன் வளைஞ்சு கிடக்கு?

சிசிலியா: ஆசுப்பத்திரியிலை எறிஞ்ச படம்தானே. ஏன், தெரிஞ்ச ஆளோ?

ஆழ்வாப்பிள்ளை: எலும்பைப் பாத்து ஆளை மட்டுக்கட்டேலுமே? விசர்க்கதை! பின்னணிக்கு வாரும். கரை என்னெண்டு செய்தனீர்?

சிசிலியா: ஈரச் சாயத்திலை சாக்கை ஒத்தி எடுத்தன். மணல் மாதிரிச் சொரசொரப்பா வந்திருக்கு.

ஆழ்வாப்பிள்ளை: பரவாயில்லை. தண்ணி?

சிசிலியா: ஆமிக்குத் தெரியாமல் சனம் கடக்கிற கிளாலிக் கடல், இரவு. விளக்குக் கரி பூசினன். என்ரை தம்பி சவிரி உங்களோடை வள்ளத்திலை போன இரவு மாதிரி… கும்மிருட்டு.

ஆழ்வாப்பிள்ளை: அவனை ஏன் இதுக்குள்ளை இழுக்கிறீர்? அக்கரையிலை வவுனியா பஸ்ஸிலை நான்தான் ஏத்திவிட்டனான் எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்.

சிசிலியா: ஓம். கடிதம்தான் வரேல்லை… அப்ப, தண்ணி கறுப்பு. சரிதானே?

ஆழ்வாப்பிள்ளை: பிழை! அவதானிப்பு இல்லாத ஓவியர் எல்லாருக்கும் இரவெண்டால் கறுப்புத்தான். அந்தத் தண்ணி அடிக்க அடிக்கப் பச்சையா மினுங்கும். முழங்கை, விரல் இடுக்கெல்லாம் பச்சை… பிறகு தலை தாழ்ந்த இடத்திலை ஒரு வட்டம். அதுவும் மெல்ல மெல்ல…

சிசிலியா: ஆரின்ரை கை, மாஸ்டர்? ஆரின்ரை தலை?

ஆழ்வாப்பிள்ளை: முயல்… முயலைத்தான் சொன்னன்.

சிசிலியா: முயல் தண்ணியிலை விழேல்லையே. வள்ளத்திலை பத்திரமா அக்கரைக்குப் போகுது. கதை எழுதினது நீங்கள்.

ஆழ்வாப்பிள்ளை: விளக்கை ஊதி நூத்துவிடும், பிள்ளை.

சிசிலியா: அது அப்பவே நூந்திட்டுது.

ஆழ்வாப்பிள்ளை: அப்ப இந்த எலும்பு… ஏன் இன்னும் தெரியுது? வெள்ளையை அடியும்! தடிப்பா அடியும்!

சிசிலியா: அடிக்கமாட்டன். இதை நான் கழுவவேயில்லை, மாஸ்டர். சவிரி சைக்கிளாலை விழுந்து காறை எலும்பு முறிஞ்ச நேரம் எடுத்த படம்… அந்தப் பச்சை எவ்வளவு நேரம் மினுங்கினது எண்டு மட்டும் சொல்லுங்கோ. அவ்வளவு படத்துக்கும் நான் பச்சை வைக்கவேணும்.