தெருவுக்கு ஒரு சூரியன்

குடியிருப்போர் நலச்சங்கத் தலைவராய் நடுநாயகமாக வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய கோதண்டராமன் அவர்களே! மேடையை அணிசெய்யும் மூத்தோரே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடிவந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அன்னையரே! நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டிருக்கும் நல்லுள்ளங்களே! சூரியமின் தகடுகளைப் பற்றி விளக்க வந்திருக்கும் பொறியாளர் தம்பி இனியன் அவர்களே! ஓய்வுபெற்ற தமிழாசிரியை அருணாதேவியின் அன்பு வணக்கம் அனைவருக்கும் உரித்தாகுக!

இன்று நம்முன் நிற்கும் கேள்வி ஒன்றுதான். வீட்டுக்கு வீடு தனித்தனியே தகடு பொருத்துவதா? தெருவுக்கே பொதுவாய் வைத்துப் பகிர்ந்துகொள்வதா? "அவங்கவங்க வெயிலு அவங்கவங்களுக்கு" என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார், கைதட்டலும் வாங்கினார். ஐயா, நான் அந்த வெயிலைத் தனியே அனுபவித்தவள். எப்படி இருந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

என் கணவர் மறைந்த மறுவருடம், என் மகன் மாறன் கனடாவில் இருந்தபடியே ஏற்பாடு செய்து என் மாடியில் தகடுகளை ஏற்றினான். "இனிமே உனக்கு இருட்டே கிடையாதும்மா" என்றான். அன்றுதொட்டு என் வீட்டில் விளக்கு அணைந்ததில்லை, விசிறி நின்றதில்லை. கரி வேண்டாம், கரும்புகை வேண்டாம், கம்பத்தை அண்ணாந்து பார்க்கவும் வேண்டாம். பெருமைதான். பூரிப்புதான். மறுக்கவில்லை.

ஆனால் அன்னையரே, நம் வேங்கிக்கால் தெருவில் மின்சாரம் போனால் என்ன நடக்கும்? விசிறி நின்ற மறுநொடி வாசலுக்கு வாசல் ஒரு தலை தெரியும். "உங்க வீட்ல கரண்ட் இருக்கா?" என்று ஒரு குரல். "இங்கயும் இல்லீங்க" என்று மறுகுரல். அப்புறம் ஊர்க்கதை, உறவுக்கதை, உப்பில்லாத குழம்பின் கதை! அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க மட்டும் ஆளில்லை. எதற்குக் கேட்பார்கள்? என் வீட்டில்தான் எப்போதும் எரிகிறதே! சன்னலுக்கு வெளியே சிரிப்பு. உள்ளே நானும் விசிறியும்.

ஒருநாள் தாங்கவில்லை. பராமரிப்பு வேலைக்காகப் பகல் முழுதும் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். நான் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, முந்தானையால் விசிறிக்கொண்டே வாசலுக்கு வந்து, "ஜாஹிரா, உங்க வீட்ல கரண்ட் இருக்கா?" என்று கேட்டேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆம், நடித்தேன்!

எதிர்வீட்டு ஜாஹிரா என் கூடத்தை எட்டிப் பார்த்தார். இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. "ஏன் டீச்சர், நாலு வார்த்த பேசறதுக்கு மெயின ஆஃப் பண்ணணுமா? வாங்கன்னு கூப்புட்டா வரமாட்டோமா?" என்றார். எத்தனை மேடை ஏறியவள் நான்! அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்ல எனக்குத் தெரியவில்லையே. அங்கேயே அழுதுவிட்டேன்.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன். எதிர்வீட்டுப் படியில் அவர் கணவர் ஜானி பாஷா மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்துமாவுக்கு மருந்தை ஆவியாக்கித் தரும் கருவி, மின்சாரமின்றி மடியில் கிடக்கிறது. இப்படி ஆகும்போதெல்லாம் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்களாம்.

"என் வீட்டுக்கு வந்திருக்கக் கூடாதா?" என்றேன்.

"எப்பவும் கதவு சாத்தியே இருக்குது. அவங்கள போயி ஏன் தொந்தரவு பண்ணணும்னு இவருதான் சொல்வாரு டீச்சர்."

சுவிட்சைத் தூக்கிவிட்டேன். என் கூடத்தில் அந்தக் கருவி கரகரவென்று ஓடியது. அவருடைய மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. நெடுநாளைக்குப் பிறகு என் வீட்டில் இன்னொருவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

எனக்கு மின்சாரம் இருந்தது, மனிதர் இல்லை. அவர்களுக்கு மனிதர் இருந்தார்கள்; மின்சாரம் இல்லை. நடுவில் கிடந்தது என்ன? கடலா? காடா? ஒரு சின்னத் தெரு!

மலையுச்சியில் மகாதீபம் ஏற்றும்போது, வீட்டுக்கு ஒரு மலை வேண்டும் என்று நம்மில் யாராவது கேட்டோமா? வெயிலுக்கு மட்டும் ஏன் வேலி? காற்றும் கதிரும் நாளைய நாட்டை நடத்தும் என்கிறார்கள். நடத்தட்டும்! ஆனால் அவரவர் கூரைக்குள் அவரவர் வெளிச்சத்தோடு அடைந்து கிடப்பதற்கா அது?

பொதுத் தகடுகளுக்கு என் மாடியைத் தருகிறேன். தம்பி இனியன் வந்து பார்த்துவிட்டு, "வெளிப்படிக்கட்டு இருக்கு மேடம். பேட்டரியையும் மேலயே ஒரு ஷெட்ல வெச்சிடலாம். உங்களுக்குத் தொந்தரவே இருக்காது" என்றார். தம்பி, அந்தத் தொந்தரவுதான் எனக்கு வேண்டும்! பேட்டரி என் கூடத்தில் இருக்கட்டும். அதற்குத் தண்ணீர் ஊற்ற வீட்டுக்கு ஒருவராய் முறைவைத்து என் வாசல் வழியே வாருங்கள். காப்பி போட்டுத் தருகிறேன்.

ஆதரிப்போர் கையுயர்த்துங்கள். அதோ, முதல் கை ஜானி பாஷாவுடையது! இறக்காதீங்க பாய், தலைவர் எண்ணி முடிக்கட்டும்.

இவ்வளவு நேரம் பேசிவிட்டேன், பொறுத்தருளுங்கள். வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லை. அதனால்தான் ஒலிபெருக்கியை விட மனம் வரவில்லை. செவிகொடுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. வாருங்கள். வணக்கம்.