உப்பில் போட்ட காதுகள்

மேடையில் வீற்றிருக்கும் துறை இயக்குநர் அவர்களே, என் சக மருத்துவர்களே, கறவை நேரத்தையும் விட்டுவிட்டு வந்திருக்கும் மாடு வளர்ப்போரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே! பெரிய பேச்சு பேச என்னிடம் தெம்பில்லை. இந்த வருடம் நாம் எல்லோருமே களைத்துப்போய்விட்டோம்.

கால்நடை மருத்துவர், நம் உப்பு டாக்டர், போய்விட்டார். உப்பு டாக்டர்! எந்தப் பல்கலைக்கழகம் கொடுத்த பட்டம் இது? நீங்கள் கொடுத்த பட்டம்!

மாடுகள் தொற்றுநோயில் கொத்துக் கொத்தாகச் செத்தபோது அரசு அவசர உதவித்தொகை அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் செத்த மாட்டை அன்றே புதைக்க வேண்டும் என்றது ஓர் ஆணை. பார்வையிட வரும் அதிகாரியிடம், எண் பொறித்த அடையாள வில்லையோடு மாட்டின் காதைக் காட்ட வேண்டும் என்றது இன்னோர் ஆணை. வில்லையை மட்டும் கழற்றிக் கொடுத்தால் செல்லாது. அதிகாரி வரவோ வாரக்கணக்காகும். புதைத்த மாட்டின் காதுக்கு எங்கே போவது?

நம் டாக்டர் வீடு வீடாகப் போய்ச் சொன்னது ஒன்றுதான்.

"அழுறத அப்புறமா அழுங்க. முதல்ல காதை வெட்டி உப்புல போடுங்க."

எத்தனை டப்பாக்கள்! முதல் டப்பாவைத் திறந்த அதிகாரி, மூக்கைப் பொத்திக்கொண்டு மீதி எல்லாவற்றுக்கும் திறக்காமலே ஒப்புதல் கொடுத்தார். டாக்டரின் மனைவியான நம் அண்ணி அப்போது என்னிடம் அலுத்துக்கொண்டார்: "கடையில இருக்கிற உப்பையெல்லாம் இவரே வாங்கிடறாரு. எங்க வீட்டுச் சமையலுக்குத்தான் உப்பு இல்ல."

அதோ, தூணோரம் நிற்கும் பால்காரம்மா. அவருக்கு இருந்தது ஒரே பசு. கத்தியோடு போன டாக்டரை அவர் தடுத்துவிட்டார்.

"துடிதுடிச்சு செத்துச்சு சார். செத்த பிறகும் வெட்டணுமா?"

டாக்டர் கத்தியைப் பைக்குள் வைத்துவிட்டார். குழியில் தூவச் சுண்ணாம்பு மூட்டையோடு பக்கத்தில் நின்ற, அவருக்குக் கீழ் வேலைபார்த்த நான், "சார், விதி இருக்கே" என்றேன்.

"விதி எனக்குத்தான்யா. அந்தம்மாவுக்கு என்ன?" என்றார். பசுவைத் தானே நேரில் பார்த்ததாகச் சான்றிதழ் கொடுத்தார்.

காது இல்லாமல் சான்றிதழா? துறை விளக்கம் கேட்டது. விளக்கத்துக்கும் விளக்கம் கேட்டது! பொய்ச் சான்றிதழோ என்று டாக்டர் மேல் விசாரணை தொடங்கியது; அது முடியும்வரை பால்காரம்மாவின் தொகை நிறுத்தப்பட்டது. சாட்சிகளை அழைக்கும் கட்டத்துக்கே விசாரணை வரவில்லை. "அலுத்துப்போச்சுய்யா" என்றார் டாக்டர், போன வாரம். அதற்கு முன் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. மறுநாள், விசாரணை அறைக்கு வெளியே காத்திருந்தவர், மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று காலை இயக்குநர் அவர்கள் பெருந்தன்மையோடு சொன்னார்: "இறந்தவர் மேல எதுக்கு விசாரணை? ஃபைலை மூடிடலாம். அவங்க வீட்டம்மாவுக்குப் பென்ஷனும் சீக்கிரம் கிடைக்கும்." நன்றி ஐயா. ஆனால் ஃபைலை மூடினால் அந்தச் சான்றிதழ் சந்தேகத்தோடே சாகும். பால்காரம்மாவின் மனுவும் அதோடு போகும். இன்னொரு பசுவுக்கு அவர் நம்பியிருப்பது அந்தத் தொகையை மட்டுமே.

அண்ணியிடம் கேட்டேன். "பென்ஷன் மெதுவா வரட்டும். அவர் பொய் எழுதலன்னு தெரியட்டும்" என்றார்.

ஆகவே, இயக்குநர் அவர்களே, அவர் விட்ட வேலையைத் தொடர்வேன் என்ற உறுதியோடு ஒன்று கேட்கிறேன். எங்கள் டாக்டரை மன்னித்துவிடாதீர்கள்! விசாரணையை நடத்துங்கள். குழிக்குள் இறக்கும்போது அந்தப் பசுவின் காதில் வில்லை இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுங்கள்.