மணி அடிக்காத பதிப்பு

நான் ஒரு பைசா வாங்காமல் வேலை செய்கிறவன் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. பிற்பாடு மறந்துவிடும்.

திறமூல மென்பொருள் என்றால் என்னவென்று உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஓர் ஆப்பின் கோட், அதாவது அதை இயக்கும் நிரல், முழுவதும் எல்லோர் பார்வைக்கும் திறந்து கிடக்கும். யாரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். பொறுப்பில் இருக்கிறவர் சரி என்றால் அது உள்ளே போகும். எங்களுடையது மாத்திரை மணி. மாத்திரை நேரத்துக்குப் போனில் மணியடிக்கும், போட்டுவிட்டேன் என்று தொடும்வரை விடாது. மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி தொடங்கியது. குழுவில் எல்லோருக்கும் அவர் அக்கா.

சேர்ந்த புதிதில் உதவிப் பக்கத்தில் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை நன்றி உண்டா என்றால், ம்ஹும். ஒரு நாள் மணி இரண்டு தடவை அடிக்கிற கோளாறு வந்தது. தற்செயலாக என் கண்ணில் பட்டது, சரிசெய்தேன். "தம்பி, நீ மட்டும் இல்லேன்னா இன்னிக்கு நம்ம மானமே போயிருக்கும்" என்று அக்கா குழுவில் எழுதினார். கீழே வரிசையாக இதயக்குறிகள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை, என் மனைவி உட்பட.

அடுத்த கோளாறுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அக்கா சுத்தமாக வேலை செய்கிறவர், அவரிடம் இருக்கிற ஒரே குறை அதுதான்.

ஆகவே கத்துக்குட்டி என்ற பெயரில் இன்னொரு கணக்குத் தொடங்கினேன். கத்துக்குட்டி சின்னதாக ஒரு மாற்றம் அனுப்புவான், அதற்குள் ஒரு பிழை ஒளிந்திருக்கும். வருகிற மாற்றங்களைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும் வேலை அதற்குள் என்னிடம் வந்திருந்தது. ஏற்றுக்கொள்வேன். ஆட்கள் கூப்பாடு போடுவார்கள். நான் ஓடிவந்து சரிசெய்வேன். கத்துக்குட்டியைப் பொதுவில் நாசூக்காகக் கண்டிப்பேன், அவனும் பணிவாக மன்னிப்புக் கேட்பான். நல்ல பையன். குழுவில் எனக்கு ஃபயர் சர்வீஸ் என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

இந்த வருடம் அக்கா பொறுப்பை விடுவதாக அறிவித்தார். அடுத்த ஒருங்கிணைப்பாளரை மாதக் கடைசிக் கூட்டத்தில் தேர்ந்தெடுப்பதாக ஏற்பாடு. எனக்குப் போட்டியாக ஒருவன் இருந்தான், வாயாலேயே வடை சுடுகிற ஆள். அதனால் இந்தத் தடவை கத்துக்குட்டி கொஞ்சம் பெரிதாகவே செய்தான். புதிய போன்களில் ஒன்றும் ஆகாது. பழைய போன்களில் மட்டும் மணி வாயே திறக்காது. அதைச் சரிசெய்யும் திருத்தத்தையும் அன்றைக்கே எழுதி என் கணினியில் வைத்துவிட்டேன். கூட்டத்துக்கு முந்தைய நாள் வெளியிடுவதாக எண்ணம். நான் பொறுப்பில்லாதவன் இல்லை, ஐயா.

ஆனால் பழைய போன் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களுக்குப் புகார் எழுதத் தெரியாது. குவிய வேண்டிய புகார்கள் குவியவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

என் மனைவியின் பழைய போன் அவள் அப்பாவிடம் இருந்தது. அவர் எங்களோடுதான் இருந்தார். இதயத்தில் வால்வு மாற்றியவர்; ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை. ஞாபக மறதி வேறு. அலுவலகப் பயிற்சிக்காக வெளியூர் கிளம்பும்போது மனைவி சொன்னாள்: "அப்பா மணி அடிச்சாத்தான் மாத்திரை போடுவாரு. நீங்க வீட்லயிருந்துதானே வேலை பாக்குறீங்க, அவர் மேல ஒரு கண்ணு வெச்சுக்கோங்க." வைத்துக்கொண்டேன். மணி அடிக்கவில்லை என்பதை முதலில் கவனித்தது நான்தான்.

சில நாள் கழித்து அவரே போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மாப்பிள்ளை, இது சத்தமே காட்ட மாட்டேங்குது. உங்க ஆளுங்க பண்ணதுதானே, என்னன்னு பாருங்களேன்."

இங்கேதான் நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் உலகத்தில், யாராவது ஆப்பின் இணையதளத்தில் முறைப்படி எழுதும்வரை பிழை என்று ஒன்று கிடையாது. "தளத்துல புகார் எழுதிப் போடுங்க மாமா, எல்லாருக்கும் அதுதான் முறை" என்றேன். மாத்திரை டப்பா எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் அவர் அத்தோடு விட்டிருப்பார், எழுத மாட்டார். எனக்குப் புகார்கள் தேவைப்பட்டன.

மனிதர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார். "மரியாதைக்குரிய நிர்வாகத்தினருக்கு, மணி அடிக்கவில்லை. ஆவன செய்யவும்." நான் அடுத்த அறையிலிருந்து பதில் போட்டேன். "வணக்கம். தங்கள் பங்களிப்புக்கு நன்றி. போனின் மாடல், ஆப்பின் பதிப்பு எண், பிழை எப்போது ஏற்படுகிறது என்ற விவரங்களைத் தெரிவிக்கவும்."

கூடத்திலிருந்து குரல் வந்தது. "மாப்பிள்ளை, பதிப்பு எண்ணுன்னா என்ன? அது எங்க இருக்கும்?"

நான் தளத்திலேயே ஒரு நினைவூட்டல் போட்டேன். வீட்டு மனிதர் என்பதற்காகத் தனிச் சலுகை காட்டினால் குழுவில் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?

கூட்டம் நெருங்கியபோது ஒரு மத்தியானம் கூடத்தில் விழுந்தார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது. மனைவி அலறியடித்துக்கொண்டு வந்தாள். "மணி அடிச்சுதா? அப்பா போட்டாரா?" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் அழுதேன், ஐயா. பொய்யாக அழவில்லை. துக்கத்தோடு துக்கமாகத் திருத்தத்தையும் வெளியிட்டேன். மாமனாரை இழந்த நிலையிலும் ஊருக்காக உழைக்கிறான் என்று அக்கா எழுதினார். அவ்வளவு இதயக்குறிகளை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. ஒருமனதாக என்னையே தேர்ந்தெடுத்தார்கள்.

பொறுப்பை ஒப்படைப்பதற்காக அக்கா பழைய மாற்றங்களைப் புரட்டியிருக்கிறார். எந்தத் திருத்தமும் எழுதப்பட்ட நேரத்தைத் தன்னோடு சுமந்துகொண்டிருக்கும். என் திருத்தம் முதல் புகாருக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. நோயாளி வருவதற்கு முன்பே மருந்துச்சீட்டு வந்துவிட்டால் மருந்துக்கடைக்காரருக்குச் சந்தேகம் வராதா? "ஏன் தம்பி இப்படிப் பண்ணே?" என்று மட்டும் கேட்டார். பிறகு நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டார்.

கத்துக்குட்டி நான்தான். மணியின் வாயை அடைத்தது நான்தான். மாத்திரை போடாமல் அவர் வீட்டுக்குள் நடமாடியதைப் பார்த்துக்கொண்டிருந்தவனும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன், பேனாவைக் கொடுங்கள். ஆனால் அவரை அலட்சியப்படுத்தினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். விவரம் கேட்டு மறுபடி மறுபடி நினைவூட்டியிருக்கிறேன்; கடைசியாக, சுடுகாட்டில் அவரை வழியனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்த அன்றும். பதில் வரவில்லை. புகார் கொடுத்தவர் ஒத்துழைக்கவில்லை என்று எழுதி, அந்தப் புகாரை விதிப்படிதான் மூடினேன்.