எக்ஸ்ரேயில் ஒரு சிறு நிழல்

ஆட்டுத்தோலில் மூக்கு சரியாக விழாது, சார். முகம் போட மாட்டுத்தோல்தான் நல்லது. மேஜைமேல் கிடக்கும் உங்கள் பர்ஸ் நல்ல மாட்டுத்தோல். அதில் யார் படமாவது இருந்தால், போட்டது நானா என் மனைவியா என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன். அவள் போட்டால் அந்த ஆளே வந்து நிற்பார். நான் போட்டால், உங்கள் பின்சுவரில் தேடப்படுபவர்கள் என்று ஒட்டியிருக்கிறீர்களே, அந்த வரிசையில் சேர்த்துவிடலாம்.

கலந்தர் பாயை அடுத்த அறையில் உட்காரவைத்திருக்கிறீர்கள். ரெக்ஸினைத் தோல் என்று சொல்லி எனக்கு விற்றார், அதன் புகையில்தான் என் மனைவி பூர்ணிமா செத்தாள் என்று அவள் தம்பி சதீஷ் புகார் கொடுத்திருக்கிறான். புகையைப் பற்றி அவன் சொன்னது சரி. பாயை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஏன் என்று சொல்கிறேன். கல்லூரியில் சோதனைக் குறிப்பு எழுதிப் பழகியவன் நான். நோக்கம் முதலில், செய்முறை பிறகு என்று போனால்தான் எனக்கு வரும்.

கூத்தாநல்லூர் கடைத்தெருவில் எங்கள் கடை. முன்பக்கம் நான், ஒரு மேஜை, ஒரு பில் புத்தகம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஏ.சி. அறையில் லேசர் மெஷினும் பூர்ணிமாவும். லேசர் தோலைச் சுடுகிறது, அவ்வளவுதான். அதிகம் சுட்ட இடம் கறுப்பு. வெள்ளை என்று தோலில் ஒன்று கிடையாது, சுடாமல் விட்ட இடத்தைத்தான் கண் வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். ஒரு போட்டோவை வாங்கி, கம்ப்யூட்டரில் புள்ளிகளாக உடைத்து, கன்னத்தில் எவ்வளவு, கண்ணோரத்தில் எவ்வளவு என்று அவள் பிரித்துவைப்பாள். நான் பிரித்தால் எல்லாருக்கும் மீசை முளைக்கும். ஒரு பெண்குழந்தைக்கும் முளைத்தது. நான் பி.எஸ்சி. வேதியியல், முதல் வகுப்பு. அவள் பி.காம். வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிவைப்பேன். "அப்படியா? அக்கா இருக்காங்களா?" என்பார்கள்.

வெளிநாடு போகிற பெரும்பாலோர் எங்கள் பர்ஸோடுதான் விமானம் ஏறினார்கள். முஸ்லிம் வீடுகளில் பொதுவாக முகம் கேட்பதில்லை. பெயர் கேட்பார்கள், இல்லாவிட்டால் புதிதாகக் கட்டிய வீட்டின் படம். துபாயில் இரட்டைக் கட்டிலின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு தன் பால்கனியைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிற மனிதனை நான் கேலி செய்ததே இல்லை. எனக்குப் பால்கனி கிடையாது.

நானும் போக இருந்தவன்தான். விசாவுக்குத் திருச்சியில் மெடிக்கல் பரிசோதனை. சிறுவயதில் வந்துபோன காசநோய் நெஞ்சில் ஒரு தழும்பை விட்டிருந்தது. எக்ஸ்ரேயில் புளியங்கொட்டை அளவு நிழல். அன்ஃபிட் என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். முடிவு வருவதற்கு முன்பே ஊருக்கெல்லாம் விருந்து வைத்தது என் அறிவு. சாப்பிட்டவர்கள் யாரும் மறக்கவில்லை. கடைக்குப் 'பூர்ணிமா லெதர் ஆர்ட்ஸ்' என்று போர்டு வைத்தேன். பஸ் கண்டக்டர் முதற்கொண்டு எல்லாரும் அதை அன்ஃபிட் கடை என்றுதான் சொன்னார்கள்.

போன தை மாதம் சதீஷ் ஷார்ஜாவிலிருந்து போன் செய்தான். அங்கே பரிசுப்பொருள் செய்கிற கம்பெனி ஒன்றில் தோல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். பூர்ணிமா செய்த சாம்பிள்களை இவன் காட்டியிருக்கிறான்.

"மச்சான், அக்காவுக்கு மட்டுந்தான் சொல்றாங்க. ஒங்களுக்கு அப்பறம் பாப்போம்."

"பார்த்துக்கலாம் மாப்ள" என்றேன்.

பூர்ணிமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு வருசந்தாங்க. நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போகல."

சிக்கலே அங்கேதான், சார். பெண்டாட்டி வேலைக்குப் போகக்கூடாது என்று சொல்கிறவன் படிக்காதவன். நான் படித்தவன். தாராளமாகப் போய்வா என்றேன். நாலு பேர் இருக்கும்போது இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். எனக்குக் கைதட்டாத குறைதான்.

எனக்குப் பொறாமை இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். அவள் எக்ஸ்ரேயிலும் ஒரு சிறு நிழல் விழுந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். நான் தடுத்ததாக இருக்காது, டாக்டர் தடுத்ததாக இருக்கும். எனக்கு நடந்தது அவளுக்கும் நடக்கும். நானும் அதற்குப் பிறகு உயிரோடுதானே இருக்கிறேன்.

கலந்தர் பாய் கடையில் தோலும் இருக்கும், வண்டி சீட்டுக்குத் தைக்கிற ரெக்ஸினும் இருக்கும். பழுப்பு நிறத்தில், தோல் மாதிரியே ரேகை போட்ட ரெக்ஸின் ஒரு சுருள் எடுத்தேன்.

"தம்பி, இது தோல் இல்ல, தெரியும்ல?"

"தெரியும் பாய்."

"சீட்டுக்கா? ஆட்டோ வாங்கப்போறியளோ? வாங்குங்க, வாங்குங்க. ஆட்டோவுக்கு மெடிக்கல் கெடையாது."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "தோலுன்னு சொல்லி யார்ட்டயும் வித்துடாதிய தம்பி. எம் பேரு கெட்டுப்போயிடும்." சரி என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றினேன். யாரிடமும் விற்கவில்லை.

ரெக்ஸின் என்பது துணிமேல் பூசிய பிளாஸ்டிக். அந்த பிளாஸ்டிக்கைச் சுட்டால் வருகிற புகை அமிலப் புகை. இரண்டாம் ஆண்டுப் பாடம். நான்கு வருடக் கடைவாழ்க்கையில் என் படிப்பு பயன்பட்டது அந்த ஒரு தடவைதான்.

திருவாரூரிலிருந்து நெய்னா முகம்மது என்று ஒரு வாடிக்கையாளரை உண்டாக்கினேன். அவர் மகளுக்கு நிக்காஹ். வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்க, மாப்பிள்ளை பெண் பெயர்களோடு சாவிக்கொத்து வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு மல்லிகைக் கொடி. கொடி யோசனை பூர்ணிமாவுடையது. இல்லாத பெண்ணின் கல்யாணத்துக்கு அவள் அவ்வளவு அழகான கொடி வரைவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"இது தோல் வாடையே இல்லீங்களே. தண்ணித்தொட்டியில பிளீச்சிங் போட்ட மாதிரி வருது."

"புது மாதிரிப் பதனிடுறாங்க. அந்தக் கெமிக்கல்."

"கெமிஸ்ட்ரி படிச்சவர் சொன்னா சரிதான்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் பட்டத்தை மதித்துப் பேசிய ஒரே ஆள் அவள்தான்.

புகையை இழுத்து வெளியே தள்ளுகிற ஃபேனின் ஸ்விட்ச் முன்பக்கம், என் மேஜைக்கு மேலே இருந்தது. பின்வீட்டு ரசியா பேகம் அக்கா துணி உலர்த்துகிற கொடிக்கு நேராகத்தான் அந்தப் புகை போகும். "ஏந்தம்பி, செத்த மாட்டை மறுபடியும் கொல்றிய? கைலியெல்லாம் நாறுது" என்று அவர் முன்பே சண்டைக்கு வந்திருந்தார். அதை வைத்துக்கொண்டேன். துணி காய்கிற வரைக்கும் ஃபேன் வேண்டாம், அக்கம்பக்கத்தில் மனஸ்தாபம் எதற்கு என்றேன்.

"அவுங்க துணி நாறக்கூடாது, எம் மூக்கு நாறலாமா?" என்றாள். ஆனால் ஒப்புக்கொண்டாள். ரசியா அக்காமேல் அவளுக்குப் பிரியம்.

சில நாட்களிலேயே மெஷினின் தண்டவாளங்களில் துரு பிடிக்க ஆரம்பித்தது. அந்தப் புகை இரும்பையும் அரிக்கும். விலை உயர்ந்த மெஷின், சார். காலையும் மாலையும் துடைத்து எண்ணெய் போட்டேன். பூர்ணிமாவுக்கு இருமல் வந்தது. அவளுக்குச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். இரண்டையும் நன்றாகத்தான் கவனித்துக்கொண்டேன்.

திருச்சிக்கு நானே கூட்டிப்போனேன். அதே கட்டிடம், அதே பச்சைத் திரை. எக்ஸ்ரேக்காரர் அவளிடம் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னபோது வெளியே நானும் பிடித்துக்கொண்டேன்.

ஃபிட்.

பஸ்ஸில் அவள் அந்தத் தாளை எனக்குக் காட்டவேயில்லை. கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். எனக்கு வலிக்கும் என்று. நீடாமங்கலம் தாண்டி, அறுத்த வயலில் உளுந்து பச்சையாக முளைத்துக் கிடந்தது. அதைப் பற்றி ஏதோ பேசினாள். செய்தி கேட்டு ரசியா அக்கா இனிப்பாக வட்டலப்பம் செய்து கொண்டுவந்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் நினைத்தேன். அன்று மாலை சதீஷ் போனில், "இங்க வந்து எறங்குனதும் இன்னொரு மெடிக்கல் இருக்கு மச்சான். அதுல போச்சுன்னா திருப்பி அனுப்பிருவாங்க. அக்கா இருமல கொஞ்சம் பாத்துக்கங்க" என்றான். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மறுநாள் நெய்னா முகம்மது கூடுதலாகச் சாவிக்கொத்து கேட்டார்.

விமானத்துக்கு இன்னும் ஒரு வாரம். பூர்ணிமா போவதற்குள் ஆர்டரை முடித்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து உள்ளேயே இருந்தாள். நான் முடித்தால் கொடியெல்லாம் கம்பளிப்பூச்சியாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். மத்தியானம் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. கண்ணாடியில் தட்டினாள்.

"என்னங்க, அந்த ஃபேனக் கொஞ்சம் போடுங்களேன். என்னமோ பண்ணுது."

ஸ்விட்ச் என் தலைக்கு மேலே. எழுந்து பின்பக்க ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ரசியா அக்கா கொடியில் ஒரு துணிகூட இல்லை. "துணி கெடக்கு, செத்த நேரம்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். இந்த இருமல் ஷார்ஜா வரைக்கும் தாங்கினால் போதும் என்று கணக்கு. அவள் மறுபடி தட்டவில்லை. நான் பில் புத்தகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மெஷின் தன் வேலையை முடித்துக்கொண்டு நின்றது. அது நின்ற பிறகும் நான் பில் புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். பேச முடியவில்லை. என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அங்கேயும் ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். நிழல் என்று தனியாக எதையும் சுட்டிக்காட்ட முடியவில்லை. காற்று கறுப்பாகத் தெரியவேண்டிய இடம் இரண்டு பக்கமும் முழுக்க வெளுத்திருந்தது.

சதீஷ் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. அதிர்ச்சியில் மரத்துப்போய்விட்டேன் என்று எல்லாரும் சொன்னார்கள். அது உண்மைதான், சார். இன்னும் சரியாகவில்லை.

கலந்தர் பாய் நோன்பாளி, சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமென்று காட்டுங்கள். ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்: நான் பிடிவாதக்காரன் இல்லை. பூர்ணிமா எதையும் இரண்டாவது தடவை கேட்கிற பழக்கம் இல்லாதவள். இன்னொரு தடவை கேட்டிருந்தால் கண்டிப்பாகப் போட்டிருப்பேன்.